வலது தோளில் ஏழு ஒட்டு

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் தொழிற்சாலை வேன் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். சலவை முடிந்த நீலச் சட்டைகளை இரண்டு மூட்டையாகத் தையலக்கா வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டுப் போவார்கள். பொத்தான் போனது, பை தொங்குவது, முழங்கை கிழிந்தது என்று எல்லாவற்றையும் சரிசெய்து சனிக்கிழமை மாலைக்குள் மடித்துக் கொடுக்க வேண்டும். பதினொரு வருடம் அந்த வேலை அவளுடையது. சட்டையை விரித்துப் பார்த்த உடனே, அதில் குத்தியிருக்கும் ஆள் எண்ணைப் படிக்காமலே ஆளைச் சொல்வாள். "இது எடைமேடைக்காரன். தொப்பை ரெண்டாவது பொத்தானை மட்டும்தான் தள்ளும்" என்பாள்.

அவள் வீட்டுக்காரருக்கு அதே தொழிற்சாலையில் மூன்றாம் தொட்டியில் வேலை. ஆசிட் தொட்டி. அரைமணிக்கு ஒருதரம் அளவு பார்த்து எழுத வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்பில் சோறு கொதித்தால்கூட மணி பார்ப்பார். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் மீட்டர். எனக்கு மீட்டர் அண்ணன். நான் அதே தெருவில் கடைசி வீட்டில் இருந்துகொண்டு வாடகைக்கு வேன் ஓட்டுகிறவன். பிறகு நடந்ததில் பாதி என் வண்டிக்குள் பேசப்பட்டது. அதனால்தான் எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டில் பம்பு மெக்கானிக் இருந்தார். வாயைத் திறந்தால் கிண்டல்தான். அவர் மனைவியும் தையலக்காவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே தேநீரை இரண்டாகப் பகிர்ந்து குடிக்கிறவர்கள்.

அன்று ஒரு புதன்கிழமை. மழை பெய்து ஓய்ந்து, காலை பத்தரை மணிக்கு வெயில் பளிச்சென்று அடித்தது. மூன்றாம் தொட்டிக்கு மேலே போகிற குழாயின் இணைப்பு ஒன்று விட்டது. ஏழு பேர் செத்தார்கள். பம்பு மெக்கானிக் அவர்களில் ஒருவர். மீட்டர் அண்ணன் பிழைத்தார். கண் இரண்டும் போயிற்று. முகத்திலும் கழுத்திலும் தோல் மெழுகுபோல இழுத்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் தொழிற்சாலை வாசலில் ஒரு தாள் ஒட்டினார்கள். கம்பெனியே விசாரித்துக் கண்டுபிடித்ததாம். மூன்றாம் தொட்டியை இயக்கியவர் வால்வை அளவுக்கு மீறித் திறந்துவிட்டதால் அழுத்தம் கூடி விபத்து நேர்ந்தது என்று இருந்தது. அன்று மாலையிலிருந்து எதிர்வீட்டுக் கதவு தையலக்கா வரும்போது சாத்திக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியில் இருவரும் எதிர்ப்பட்டால் ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஆள் எல்லா வீட்டுக்கும் காகிதம் கொண்டுவந்தான். கையெழுத்துப் போட்டால் ஒரு தொகை உண்டு. அதற்குமேல் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. விபத்து இயக்கியவரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று ஒப்புக்கொள்கிற ஒரு வரியும் அதில் இருந்தது. எதிர்வீட்டுக்காரி போட்டுவிட்டாள். இரண்டு பெண்பிள்ளைகள், வீட்டு வாடகை. அவளைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. தையலக்கா அந்த வரியைத் தன் புருஷனுக்குப் படித்துக் காட்டினாள்.

"போட்டுடு" என்றார் மீட்டர் அண்ணன்.

"எதுக்குப் போடணும்?"

"நான் திறந்திருப்பேன். அன்னிக்கு அளவு ஏறிக்கிட்டே இருந்துச்சு. கை வால்வு மேலதான் இருந்துச்சு. அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

"ஞாபகம் இல்லாத ஒண்ணுக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

"ஏழு பேரும்மா."

"ஏழு பேருன்னு எனக்கும் தெரியும். நீங்க கொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதிக் குடுக்க மாட்டேன்."

காகிதத்தை அவள் மடித்து அந்த ஆளின் கையில் திருப்பிக் கொடுத்தாள். "டீ குடிச்சுட்டுப் போப்பா. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றும் சொன்னாள்.

அவளும் கையெழுத்துப் போடாத இன்னும் மூன்று குடும்பமும் சேர்ந்து சிவில் வழக்குப் போட்டார்கள். வக்கீலம்மாவுக்கு ஒரு முழங்கால் மடங்காது. கோர்ட்டு மாடிப்படியை ஒவ்வொன்றாக, நல்ல காலை முன்னே வைத்து ஏறுவாள். மதியச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. பிஸ்கட்தான். அவள் கட்டுகளைப் பிரித்தால் பிஸ்கட் தூள் உதிரும். தையலக்கா சோறு கட்டிக்கொண்டு வந்து என் வண்டியிலேயே அவளை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வாள். "சாப்பிட்டாத்தான் வாதாட முடியும். வெறும் வயித்துல கோபம்தான் வரும், பேச்சு வராது."

ஒருநாள் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டே வக்கீலம்மா நிலவரத்தைச் சொன்னாள்.

"இப்ப என்ன சொல்றாங்கன்னா, தொழிற்சாலை நடத்தின கம்பெனி தனியாம். அதுக்கு மேல இருக்கற தலைமைக் கம்பெனி தனியாம். கீழ இருக்கறது இழுத்து மூடிடுச்சு, கையில ஒண்ணுமில்லங்குது. மேல இருக்கறது, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, நான் பங்கு மட்டும்தான் வச்சிருந்தேங்குது."

"மகன் சம்பாதிக்கிற வரைக்கும் என் மகன். வாசல்ல ஆள் வந்து நின்னா அவன் யாரோ. அதானே?" என்றாள் தையலக்கா.

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "அதேதான். ஆனா இதை நான் கோர்ட்டுல சொல்றதுக்கு நாப்பது பக்கம் ஆகும். அதுக்கு முன்னாடி இன்னொண்ணு வேணும். குழாய் நல்லா இருந்துச்சு, அதுக்கு முந்தி ஒரு சொட்டுகூட ஒழுகினதில்லன்னு எழுதியிருக்காங்க. பழுதுபார்த்த பதிவேட்டைக் கேட்டா, மூடும்போது தொலைஞ்சு போச்சுங்கறாங்க."

தையலக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒழுகாமத்தான் சட்டையெல்லாம் ஓட்டையாச்சா?" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

வக்கீலம்மா கை சோற்றிலேயே நின்றது. "எந்தச் சட்டை?"

"மூணாம் தொட்டிப் பக்கம் போறவங்க சட்டை. கடைசி அஞ்சு மாசமா வாரத்துக்கு நாலு, அஞ்சு வரும். குண்டூசி குத்தினாப்பல ஓட்டை. எல்லாம் வலது தோள்ல. நான் ஓரத்தை மடிச்சு உள்பக்கமா ஒட்டுப் போட்டுக் குடுப்பேன்."

"ஏன் வலது தோள்?"

பின் சீட்டிலிருந்து மீட்டர் அண்ணன் பேசினார். அன்றுதான் அவர் வழக்கைப் பற்றி முதல்முதலாக வாய் திறந்தார். "தொட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஓராள் போற வழி. போக மட்டும்தான் அந்தப் பக்கம், வர்றது மறுபக்கமா. குழாய் வலது கைப் பக்கம், தலைக்கு மேல. நான் எழுதிக் குடுத்தேன், இணைப்புல ஒழுகுது, நடுவுல இருக்கற கேஸ்கெட்டை மாத்துங்கன்னு. ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன்."

"இதை ஏங்க இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?" என்றாள் மனைவி.

"சொன்னா பயப்படுவே."

வக்கீலம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள். "அந்தச் சட்டையில ஒண்ணு வேணும் எனக்கு."

அதுதான் கிடைக்கவில்லை. தொழிற்சாலையை மூடும்போது சட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு முடிப்போம் என்று சொல்லி எல்லாச் சட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். பிழைத்தவர்களிடம் ஒன்றுமில்லை. ஆளுக்கு இரண்டு சட்டை உண்டு, செத்தவர்கள் வீட்டில் மாற்றுச் சட்டை தங்கியிருக்கலாம் என்று நினைத்தோம். நானும் தையலக்காவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனோம். ஒருத்தர் பெட்டியில் தொப்பி இருந்தது. ஒருத்தர் வீட்டில் கால்சட்டையைக் கிழித்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டை இல்லை. இனி ஒரே வீடுதான் பாக்கி. அது எதிர்வீடு.

தையலக்கா அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். நான்காம் நாள் முற்பகலில் போய்க் கதவைத் தட்டினாள். நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு ஒரு சாண் திறந்தது.

"உங்க வீட்டுக்காரரோட ரெண்டாவது சட்டை இருக்காம்மா?"

"எதுக்கு?"

"கோர்ட்டுல காட்டணும். குழாய் முன்னாடியே ஒழுகுச்சுன்னு."

"நான் கையெழுத்துப் போட்டவ. அதைக் குடுத்தா, வாங்கினதைத் திருப்பிக் கேப்பாங்க. என்னால முடியாது." கொஞ்சம் நின்று, "அவரோட துணி எதையும் நான் வெளிய குடுக்கறதா இல்ல" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

தையலக்கா திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தாள். மீட்டர் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான்களைத் தடவிப் பார்த்து அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கண் போனபின் அவர் எடுத்துக்கொண்ட வேலை அது.

"திட்டினாளா?"

"இல்ல. திட்டியிருந்தா நல்லாருக்கும்."

சாட்சி சொல்லும் நாள் வந்தது. விடிந்ததிலிருந்து தூறல். கோர்ட்டு வராந்தாவில் நனைந்த குடைகள் வரிசையாக விரிந்து கிடந்தன. மீட்டர் அண்ணனின் கையைப் பிடித்து நான் படியேற்றிக்கொண்டு வந்தேன். மேலே போனால் மர பெஞ்சில் எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. முந்தானை நனைந்திருந்தது. பஸ்ஸில் வந்திருக்கிறாள், இரண்டு பஸ் மாற வேண்டும்.

தையலக்கா அவள் முன்னால் போய் நின்றாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு எடுத்துப் பார்த்தேன்க்கா. இத்தனை நாளா மடிச்சு வச்சிருந்ததை விரிக்கவே இல்ல. விரிச்சுப் பார்த்தா வலது தோள்ல ஏழு ஒட்டு. எல்லாம் உங்க தையல். ஏழு தடவை அவர் மேல சொட்டியிருக்கு. ஏழு தடவையும் உங்ககிட்ட வந்திருக்கு. என்கிட்ட ஒருதடவைகூட வாயைத் திறக்கல பாருங்க, அந்த மனுஷன்."

"இவரும் சொல்லல."

"ஆம்பளைங்க!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. இரண்டு பேரும் அழுதார்கள். பெஞ்சில் இருந்த இன்னொரு வழக்குக்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

வக்கீலம்மா படியேறி வந்து சேர்ந்ததும் எதிர்வீட்டுக்காரி தான் பயந்ததைக் கேட்டுவிட்டாள். "நான் சாட்சி சொன்னா அந்தப் பணத்தைப் பிடுங்கிடுவாங்களாம்மா?"

"வழக்குப் போட மாட்டேன்னுதான் எழுதிக் குடுத்தீங்க. கோர்ட்டு கேட்டா உண்மையைச் சொல்ல மாட்டேன்னு யாரும் யார்கிட்டயும் எழுதி வாங்க முடியாது. அப்படி வந்து கேட்டா என்னைத் தாண்டித்தான் கேக்கணும்."

"மாடிப்படி ஏறவே இவ்வளவு நேரம் ஆகுது உங்களுக்கு" என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஏறத்தான் நேரமாகும். நின்னுட்டா நகர மாட்டேன்."

தையலக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் தலை நரைத்த, மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க என்ஜினியரிங் படிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. துணி தைக்கிறேன்."

"இந்த ஓட்டைகள் ஆசிட்டுனால வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? பீடி, சிகரெட்டு நெருப்பு பட்டிருக்கலாமே?"

"நெருப்பு பட்டா ஓட்டையோட ஓரம் கறுத்து இறுகிப் போகும். நகத்தால சுரண்டினா கரி வரும். இது அப்படி இல்லீங்க. ஆசிட்டு பட்ட அன்னிக்குத் துணியில பெருசா ஒண்ணும் தெரியாது. ஒருதரம் துவைச்சதும் அந்த இடம் மட்டும் மாவு மாதிரி உதிர்ந்து விழும். ஓரத்துல நூல் பஞ்சா நிக்கும். ஒட்டைப் பிரிச்சுப் பாருங்க, உள்ள இருக்கும்."

"எலி கடிச்சிருக்கலாம்."

"எலிக்கு வலது தோள் மட்டும்தான் பிடிக்குமாங்க?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. சட்டையைத் தன் மேஜைக்குக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துணியை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு ஒரு ஒட்டைப் பிரிக்கச் சொன்னார். கோர்ட்டுக்குள் கத்தரிக்கோல் இல்லை. குமாஸ்தா எங்கோ போய் ஒரு பிளேடு கொண்டுவந்தார். தையலக்கா தன் தையலைத் தானே பிரித்தாள். ஏழு நிமிஷமாவது ஆகியிருக்கும். ஒரு நூலும் அறுந்து வீணாகாமல் பிரித்தாள். ஓட்டை தெரிந்தது. ஓரத்தில் பஞ்சு.

எதிர்வீட்டுக்காரி கூண்டில் நின்றது மூன்றே நிமிஷம். இது அவர் சட்டைதான், எண் இதுதான், அவர் போனபின் தன்னைத் தவிர யாரும் தொடவில்லை என்றாள். "நீங்க பணம் வாங்கினவங்கதானே?" என்று கேட்டார்கள். "ஆமா, வாங்கினேன். எதிர்வீட்டு அண்ணன்தான் செஞ்சாருன்னு நீங்க சொன்னதை நம்பி வாங்கினேன்" என்றாள்.

பதிவேடு தொலைந்தது என்றால், செலவுக்கு அனுமதி கேட்டு மேலே அனுப்பிய நகல் எங்கே என்று நீதிபதி கேட்டார். தலைமைக் கம்பெனி தன்னிடம் உள்ள கடிதங்களை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான்கு மாதம் இழுத்தடித்து, ஒன்பது பெட்டி வந்தது. வேண்டுமென்றே கலைத்துப் போட்டதுபோலப் பால் ரசீதும் பண்டிகை வாழ்த்தும் கடிதமும் கலந்து கிடந்தன. வக்கீலம்மாவும் தையலக்காவும் மூன்று வாரம் உட்கார்ந்து தாள் தாளாகப் பார்த்தார்கள். வெயில் காலம். காகிதம் பறக்கும் என்று விசிறி போடாமல் வேர்த்து வடிந்தபடி பார்த்தார்கள்.

ஏழாவது பெட்டியின் நடுவில் ஒரு தாள் மட்டும் கண்ணாடிக் காகித உறைக்குள் இருந்தது. மற்ற எதற்கும் உறை இல்லை. அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதை உறைக்குள் போட்டு, தொலையாமல் பார்த்து வைத்திருக்கிறார். 'மூன்றாம் தொட்டியின் குழாய் இணைப்பு ஒழுகுகிறது என்று இயக்குபவர் இரண்டாம் முறை எழுதியிருக்கிறார், மாற்றும் செலவுக்கு அனுமதி வேண்டும்' என்று தொழிற்சாலை மேலாளர் எழுதியிருந்தார். அதன் கீழே தலைமைக் கம்பெனியின் முத்திரையோடு ஒரு வரி: 'இந்த ஆண்டு வேண்டாம். உற்பத்தியை நிறுத்தாமல் நடத்தவும்.'

தையலக்கா அந்த உறையைத் தடவிப் பார்த்தாள். "யாரு பெத்த பிள்ளையோ, மகராசனா இருக்கணும்" என்றாள். அவர் யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் ஏதாவது நல்லது நடந்தால் இன்றைக்கும் அவள் அந்த முகம் தெரியாத ஆளை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருகிறாள்.

நான்காம் வருடம் தீர்ப்பு வந்தது. எழுபது பக்கம். குழாய் ஒழுகியது மேலே உள்ளவர்களுக்குத் தெரியும், மாற்ற வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அவர்கள்தான், அப்படி முடிவெடுத்தவர்கள் பங்கு மட்டும்தான் வைத்திருந்தோம் என்று ஒதுங்க முடியாது, பொறுப்பு அவர்களுடையது. பொய்யான காரணத்தைக் காட்டி மற்றக் குடும்பங்களிடம் வாங்கிய கையெழுத்தும் செல்லாது. வக்கீலம்மா வண்டியில் உட்கார்ந்து ஒரு பத்தியை மட்டும் நிறுத்திப் படித்தாள்.

"'இயக்கியவர் வால்வை எவ்வளவு திறந்தார் என்பது தெளிவாகவில்லை. முழுவதும் திறந்திருந்தாலும், பழுதில்லாத குழாய் அதைத் தாங்கியிருக்கும். அவர் ஆபத்தை முன்பே கண்டு இருமுறை எழுத்தில் எச்சரித்திருக்கிறார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.'"

மீட்டர் அண்ணன் பின் சீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் தோல் இழுத்துக்கொண்டதால் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. "தண்ணி குடு" என்றார். முழுப் பாட்டிலையும் குடித்தார். பிறகு சீட்டிலேயே சாய்ந்து தூங்கிப்போனார். நான்கு வருடத்தில் அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. குழியில் இறக்காமல் வண்டியை மெதுவாக ஓட்டிவந்தேன்.

கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கே தொகையைக் கொஞ்சம் குறைத்தார்கள். காரணத்தை மாற்றவில்லை. "காரணம் நின்னுச்சு, அது போதும்" என்றாள் தையலக்கா. அவள் பங்கில் மிஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கினாள். வக்கீலம்மாவுக்கு நான்கு ரவிக்கைத் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். ஃபீஸ் போக இதெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, "ஃபீஸ் வக்கீலுக்கு. இது உங்களுக்கு" என்றாள்.

தீர்ப்பு வந்த பத்தாம் நாள் மதியம் கால்சட்டை ஒன்றைச் சுருக்கித் தரச்சொல்லி நான் அவள் வீட்டு முன்னறையில் காத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரி உள்ளே வந்தாள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் மீட்டர் அண்ணனிடம் நேராக அவள் பேசியது கிடையாது. அன்று நேரே ஜன்னலோரம் போய், அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே."

அவர் கையிலிருந்த பொத்தானைக் கீழே வைத்தார். "சொல்லும்மா."

"அன்னிக்கு அவர் உங்க பக்கத்துலதானே இருந்தாரு. கடைசியா என்ன பேசினாரு? நாலு வருஷமா கேக்கணும்னு. கேக்க பயமா இருந்துச்சு."

தையலக்கா மிஷினை நிறுத்தினாள்.

"பம்பு பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சோம். 'மீட்டரு, இன்னிக்கு என் சாப்பாட்டுல உப்பு இருக்காது பாரு'ன்னாரு. ஏன்னு கேட்டேன். 'காலையில சண்டை. அவ கோபம் வந்தா வாயால திட்ட மாட்டா, உப்பை நிறுத்திடுவா. தப்பு என்மேலதான். ஆனா காலையிலேயே ஒத்துக்கிட்டா மரியாதை இல்ல பாரு, அதான் சாயங்காலம் போய் ஒத்துக்கலாம்னு வச்சிருக்கேன்'னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே ஸ்பேனரை எடுத்துட்டு எழுந்து போனாரு. அவ்வளவுதாம்மா."

எதிர்வீட்டுக்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. தையலக்கா எழுந்து ஓடினாள். கையை விலக்கினால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"வேணும்னேதாண்ணே போடல" என்றாள். "ஒரு கல்லு உப்புகூடப் போடல. சண்டையோட போயிட்டாரேன்னு இத்தனை வருஷமா... தப்பு அவர்மேலன்னு அவரே சொன்னாரா?"

"அவரேதான் சொன்னாரு. தப்பு யாருதுன்னு நான் கேக்கக்கூட இல்ல."